சுவர் ஏறப் போறீங்களா? வருஷ மெம்பர்ஷிப் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க



2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங் முதல் முறையா சேர்ந்தது. அதுக்கப்புறம் "வழக்கமான ஜிம் போர் அடிக்குது, சுவர் ஏறலாம்"னு ஆசைப்படுற நம்ம வயசு ஆட்கள் அதிகமாயிட்டாங்க. நல்ல ஆசைதான். ஆனா அம்பத்தூர் எஸ்டேட்லயோ பட்டாபிராம் டைடல் பார்க்லயோ வேலை பார்த்துட்டு, சாயங்காலம் போகணும்னு நினைக்கிறவங்களுக்கு இது ஒரு உடற்பயிற்சி முடிவு மட்டும் இல்லை, பண முடிவும்கூட. ஒவ்வொண்ணா பார்ப்போம்.

1. உங்களுக்கு எந்த வகை?

போல்டரிங் சுவர் சுமார் 4 மீட்டர் உயரம். கயிறு கிடையாது, கீழே தடிமனான மெத்தை இருக்கும். ஷூ மட்டும் போதும், தனியாவே போகலாம்.

கயிறு கட்டி ஏறுற டாப் ரோப் வேற. இடுப்பில் ஹார்னஸ் போடணும், கீழே நின்னு கயிறு பிடிக்க இன்னொருத்தர் வேணும். கயிறை இழுத்துக்கிற ஆட்டோ பிலே மெஷின் இருந்தா தனியா ஏறலாம்.

பணக் கணக்கில் இந்த வித்தியாசம் முக்கியம். கூட வர்ற நண்பர் ரெண்டாவது மாசமே நின்னுட்டா, கயிறு சுவருக்குக் கட்டின உங்க பணமும் தூங்கும். கூட்டாளி உறுதியா இல்லைன்னா போல்டரிங் பக்கம் போங்க.

2. சுவரை விட வழிதான் செலவு

ஆவடியிலிருந்து புறநகர் ரயிலில் சென்ட்ரல் வந்து மெட்ரோ மாறலாம். அம்பத்தூர், பாடிக்காரங்களுக்குத் திருமங்கலம் மெட்ரோ கிட்ட இருக்கு. பூந்தமல்லிக்காரங்க போரூர் ஜங்ஷனைத் தாண்டணும். நீங்க பார்த்து வச்சிருக்கிற இடம் ஓஎம்ஆர் பக்கம்னா, வேலை நாளில் சாயங்காலம் 7 மணிக்கு ஒரு தடவை நிஜமாவே போய்ப் பாருங்க. ஞாயித்துக்கிழமை காலையில் போய்ப் பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. அன்னிக்கு ரோடு காலியா இருக்கும், மனசும் ஃப்ரெஷ்ஷா இருக்கும். செவ்வாய்க்கிழமை ரெண்டும் இருக்காது.

பெங்களூரு போற வேலை இருந்தா, இந்திராநகரில் இருக்கிற ஈக்விலிப்ரியம் மாதிரி ஒரு முழுநேர கிளைம்பிங் ஜிம்மில் ஒரு நாள் ஏறிப் பாருங்க. நல்ல இடம் எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிடும். மால் விளையாட்டு ஏரியாவில் இருக்கிற சுவருக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியும்.

3. மெம்பர்ஷிப் கணக்கு

இது கணக்குக்காக நான் வச்சிருக்கிற எண்கள். நீங்க போற இடத்தோட ரேட்டைப் போட்டுக்கோங்க.

- ஒரு தடவை நுழைவு + ஷூ வாடகை: ரூ.600
- மாசம்: ரூ.3,000
- வருஷம்: ரூ.24,000

மாச மெம்பர்ஷிப் லாபமாகணும்னா மாசம் 5 தடவைக்கு மேல போகணும். வருஷ மெம்பர்ஷிப் லாபமாகணும்னா 40 தடவைக்கு மேல. அதோட, 8 மாசத்துக்குள்ள விட்டுட்டா மாசா மாசம் கட்டினதே லாபம்.

வாரம் ஒரு தடவை வீதம் 3 மாசம் போய் நிறுத்திட்டீங்கன்னு வைங்க. 13 தடவை. ஒவ்வொரு தடவையா கட்டியிருந்தா ரூ.7,800. வருஷத்துக்குக் கட்டியிருந்தா ஒரு தடவைக்கு ரூ.1,846 ஆகுது, ரூ.16,200 சும்மா போச்சு.

அதனால என் ரூல் சிம்பிள்: முதல் 6 தடவை தனித்தனியா கட்டுங்க. அப்புறம் 2 மாசம் மாச மெம்பர்ஷிப். அதுக்கும் மேல ஆசை இருந்தா வருஷத்துக்குக் கட்டுங்க. "இன்னிக்கு மட்டும் ஆஃபர்"னு சொன்னா அவசரப்படாதீங்க. இஎம்ஐ-யில் கட்டச் சொன்னா இன்னும் யோசிங்க. கடன் கொடுக்கிறது வேற கம்பெனி. ஜிம் மூடினாலும் இஎம்ஐ உங்க அக்கவுண்டில் இருந்து போயிட்டே இருக்கலாம்.

4. நேரில் போனா எதைப் பார்க்கணும்?

- மெத்தை: ரெண்டு மெத்தைக்கு நடுவில் கால் சிக்குற இடைவெளி இருக்கா? அமுக்கினா தரை தட்டுப்படுதா?
- ஹார்னஸ்: லேபிளில் இஎன் 12277 அல்லது யுஐஏஏ முத்திரை, தயாரிச்ச வருஷம் இருக்கணும். தையல் நூல் பிரிஞ்சிருந்தா வேண்டவே வேண்டாம்.
- சோதனை: ஏறுறதுக்கு முன்னாடி முடிச்சு, கொக்கி, பிலே கருவி மூணையும் ஒருத்தரை ஒருத்தர் செக் பண்றாங்களா? 10 நிமிஷம் ஓரமா நின்னு பாருங்க. ஸ்டாஃப் போனைப் பார்த்துக்கிட்டே கயிறு பிடிச்சா அப்படியே திரும்பி வந்துடுங்க.
- முதல் நாள் பாடம்: எப்படி ஏறணும்னு சொல்றதுக்கு முன்னாடி எப்படி விழணும்னு சொல்லித் தரணும். கையைப் பின்னால ஊன்றி விழுந்தா மணிக்கட்டு போகும்.
- மாற்றம்: சுவரில் இருக்கிற பிடிகளை எத்தனை வாரத்துக்கு ஒரு தடவை மாத்துறாங்க? மாத்தாத சுவர் சீக்கிரம் சலிச்சுடும், உங்க மெம்பர்ஷிப்பும் வீணாகும்.

மோதிரத்தைக் கழட்டி வச்சிட்டு ஏறுங்க. ஷூவை முதல் 2 மாசம் வாடகைக்கே எடுங்க.

5. இன்சூரன்ஸ்: பலர் படிக்காத வரி

ஹெல்த் பாலிசிகளில் ஐஆர்டிஏஐ வகுத்த பொதுவான விலக்குகள் உண்டு. அதில் 09-வது விலக்கு சாகச விளையாட்டு பத்தினது. ராக் கிளைம்பிங் அதில் பேர் சொல்லியே இருக்கு! ஆனா பயப்படுறதுக்கு முன்னாடி முழுசா படிங்க. தொழில்முறையா ஈடுபடும்போது ஏற்படுற சிகிச்சைச் செலவுக்குத்தான் அந்த விலக்கு. வார இறுதியில் பொழுதுபோக்கா ஏறுறவரை அந்த வரி தடுக்கலை. சம்பளம் வாங்கிக்கிட்டு பார்ட் டைமா சொல்லிக் கொடுக்க ஆரம்பிச்சா நிலைமை மாறலாம்.

பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி, டேர்ம் பாலிசியோட விபத்து ரைடர் இதுக்கெல்லாம் வாசகம் வேற மாதிரி இருக்கும். "உள்ளரங்கில் பொழுதுபோக்கா கிளைம்பிங் போறேன், கவர் ஆகுமா?"னு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கி வைங்க. போனில் சொன்ன "ஆமா சார்" கிளெய்ம் நேரத்தில் உதவாது.

இன்னொண்ணு. கணுக்கால் சுளுக்குக்கு யாரும் அட்மிட் பண்ண மாட்டாங்க. பெரும்பாலான அடிப்படைப் பாலிசிகள் அட்மிட் ஆனாத்தான் பணம் தரும். ஸ்கேன், பிசியோதெரபி செலவு நம்ம கையிலிருந்துதான். எமர்ஜென்சி ஃபண்ட் இல்லாம இந்த ஹாபியை ஆரம்பிக்காதீங்க. இஎஸ்ஐ-யில் இருக்கிறவங்களுக்கு, பங்களிப்புத் தகுதி இருந்தா, மருத்துவ விடுப்பில் சம்பளத்தில் 70 சதவீதம், 91 நாள் வரை கிடைக்கும். மீதி 30 சதவீதத்தை யார் கொடுப்பாங்கன்னு இப்பவே யோசிங்க. வீட்டில் உங்க சம்பளத்தை நம்பி அப்பா அம்மா இருந்தா, இந்தக் கேள்விதான் முதல் கேள்வி.

6. பில்லைக் கேட்டு வாங்குங்க

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மாதிரியான உடற்பயிற்சி சேவைகளுக்கு ஜிஎஸ்டி 18-லிருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு. உங்க பில்லில் எத்தனை சதவீதம், எந்த வகையில் போட்டிருக்காங்கன்னு கேளுங்க. ரீஃபண்ட், மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைக்கிற வசதி, அடிபட்டா நாள் நீட்டிப்பு மூணும் எழுத்தில் இருக்கணும். கையெழுத்துப் போடுற பொறுப்பு விலக்கு ஃபார்மை ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கோங்க.

பிரச்சினை வந்தா 1915-க்குப் போன் பண்ணலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஆவடி, பூந்தமல்லிக்காரங்களுக்குத் திருவள்ளூர், அம்பத்தூர்க்காரங்களுக்குச் சென்னை. கட்டின தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் இல்லை.

சுருக்கமா சொல்லணும்னா

இந்த வாரம் பாலிசியை எடுத்து அந்த 09-வது விலக்கைப் படிங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போடுங்க. அடுத்த வாரம் ஒரு வேலை நாள் சாயங்காலம் போய்ச் சுவரைப் பாருங்க. அதுக்கப்புறம் ஒரே ஒரு தடவைக்கு மட்டும் பணம் கட்டி ஏறுங்க. மறுநாள் கை வலிச்சும் திரும்பப் போகணும்னு தோணினா, தாராளமா செலவு பண்ணுங்க. அந்தப் பணம் வீண் இல்லை.