மாணிக்கம் புகட்டும் ஒளிநூல்

ஒளி மிகுந்தது என்பதும் ஒளி வலியது என்பதும் ஒன்றெனக் கொள்வது உலக வழக்கு. பௌதிகவியலோ அவ்விரண்டையும் வேறுபிரித்து நோக்குகின்றது. அவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கப் புகும் ஆசிரியர், சப்பிரகமுவ மாகாணத்தில் எடுத்துக்காட்டைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தேயிலையும் இறப்பரும் செழித்த மலைச்சாரலின் அடியில், 'இல்லம்' எனச் சிங்களத்தில் வழங்கும் பரலடுக்கை அகழ்ந்து, கூடையிலிட்டு நீரில் அரித்தெடுக்கும் இரத்தினபுரிக் கற்களே போதியன.

அவற்றுள் மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஓரினத்தன. மேனாட்டார் வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரும் இத்தமிழ்ச் சொல்லினின்று பிறந்ததென்பர். குருந்தத்திற் சிறிதளவு குரோமியம் கலப்பின் அது மாணிக்கமாகச் சிவக்கும்.

இருண்ட அறையில், 720 நானோமீற்றர் அலைநீளமுள்ள ஆழ்ந்த செவ்வொளியை மாணிக்கத்தின்மீது பாய்ச்சுக. விளக்கை எத்துணை பெருக்கினும் கல் அவ்வொளியை ஊடுவிடுமேயன்றித் தன்னொளி வீசாது. அதனை அகற்றி, 365 நானோமீற்றர் ஊதாக்கடந்த கதிரைச் சிறிதே வீழ்த்துக. கல் தணல்போற் சிவந்தொளிரும். காரணம் யாது?

1900 இல் பிளாங்கு விதைத்த கருத்தை வளர்த்து, 1905 இல் ஐன்ஸ்டைன் ஒளியைத் தனித்தனி ஆற்றற்கூறுகளாகக் கொண்டார். பின்னர் அவை போட்டன் எனப் பெயர் பெற்றன. செறிவு என்பது, ஒரே நிற ஒளியில், நொடிதோறும் வந்து வீழும் போட்டன்களின் தொகையைப் பொறுத்தது. ஒவ்வொரு போட்டனின் ஆற்றலோ மீடிறனை மட்டுமே பொறுத்தது. மேற்கூறிய ஊதாக்கடந்த போட்டன், செவ்வொளிப் போட்டனைப் போல ஏறத்தாழ இருமடங்கு ஆற்றலுடையது. உயர்ந்த கிளையின் மாங்கனியை எட்டாத சிறுவர் நூற்றுவர் தனித்தனியே தாவினும் கனி கைப்படாது. நெடியோன் ஒருவன் எளிதிற் பறிப்பான். குரோமியமும் தன்னைக் கிளர்த்தத்தக்க ஆற்றலுடைய போட்டனையே ஏற்று, 694 நானோமீற்றர் அளவிற் செவ்வொளியை உமிழ்கின்றது. எஞ்சிய ஆற்றல் வெப்பமாகும். ஊதாக்கடந்த கதிரின் செறிவைக் கூட்டினால் ஒளிர்வு பெருகும். அதன் நிறம் மாறாது.

இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. ஒளிரும் கல்லெல்லாம் இயற்கை மாணிக்கமென நம்பி, வருந்தி ஈட்டிய பொருளை இழப்பவர் உளர். வெர்நூய் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1902 இல் வெளிப்படுத்திய முறையால் ஆக்கப்படும் செயற்கை மாணிக்கமும் குரோமியம் உடையதே. ஆதலின் அதுவும் நன்கு ஒளிரும். ஒளிர்வு குரோமியத்துக்குச் சான்று. மண்ணிற் பிறந்தமைக்குச் சான்றன்று. உருப்பெருக்கியால் நோக்குமிடத்து, அம்முறையில் ஆக்கிய கல்லினுள் வளைந்த வளர்ச்சிக் கோடுகள் காணப்படும். அவற்றை அறியும் பயிற்சி இல்லாதார், விலை பேசுமுன் ஆய்வுகூடத்திற் காட்டித் தெளிதல் நன்று.