கல்லாப்பெட்டி மூடியிருக்கும் நாள்!
ஐஸ்கிரீமை இனாமாக வழங்கிய இரு நண்பர்களின் கதை

கடை வாசலில் தொடங்கிய வரிசை தெருக்கோடி வரை நீண்டிருக்கிறது.

இடுப்பில் குழந்தையுடன் ஒரு தாய். புத்தகப் பையுடன் ஒரு மாணவன். ஆபீசிலிருந்து நேராக வந்த கனவான். கைத்தடி ஊன்றிய முதியவர். எல்லோருக்கும் ஒரே வரிசைதான். முன்னால் வந்தவருக்கு முதல் ஐஸ்கிரீம்.

விலை? ஒன்றும் இல்லை!

இதுதான் "பென் அண்டு ஜெர்ரீஸ்" ஐஸ்கிரீம் கடைகளின் இனாம் ஐஸ்கிரீம் நாள். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தைச் சேர்ந்த பர்லிங்டன் நகரில், 1979-ம் ஆண்டு ஒரே ஒரு கடையில் தொடங்கிய வழக்கம் இது. பிறகு நகரம் நகரமாக, நாடு நாடாகப் பரவியது.

ஆதாயம் இல்லாமல் ஒருவன் ஆற்றைக் கட்டி இறைப்பானா என்று கேட்பது உலக வழக்கம். அப்படியானால் இவர்கள் ஏன் இறைத்தார்கள்?

5 டாலர் படிப்பு

பென் கோஹன், ஜெர்ரி கிரீன்ஃபீல்டு இருவரும் பள்ளித் தோழர்கள்.

ஜெர்ரிக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை. மருத்துவக் கல்லூரிகள் இடம் தரவில்லை. பென் கல்லூரிப் படிப்பை முடிக்கவில்லை. மண்பாண்டம் வனையக் கற்றுக் கொடுத்து வந்தார்.

"சேர்ந்து ஏதாவது தொழில் செய்வோம்" என்று இருவரும் முடிவு செய்தார்கள். முதலில் பேகல் என்னும் ஒரு வகை ரொட்டி விற்கத்தான் எண்ணினார்கள். அதற்கான இயந்திரங்களின் விலை எட்டவில்லை. ஆகவே ஐஸ்கிரீம் என்று மாற்றிக்கொண்டார்கள்.

ஐஸ்கிரீம் செய்யத் தெரியுமா? தெரியாது! பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகம் தபால் மூலம் நடத்திய வகுப்பில் சேர்ந்து படித்தார்கள். அதற்குக் கட்டணம் 5 டாலர்.

முதலீடு 12 ஆயிரம் டாலர். அதில் 4 ஆயிரம் கடன்.

1978 மே 5-ந் தேதி, பர்லிங்டன் நகரில் ஒரு பழைய பெட்ரோல் நிலையத்தைச் சீர்படுத்திக் கடை திறந்தார்கள்.

பென்னுக்கு மோப்ப சக்தி குறைவு. அதனால் ருசியும் சரியாகத் தெரியாது. வாயில் கடிபட்டால்தான் அவருக்குத் திருப்தி! ஆகவே சாக்லேட், பருப்பு, பிஸ்கட் ஆகியவற்றைப் பெரிய பெரிய துண்டுகளாகக் கலந்தார்கள். அந்தக் குறையே பின்னர் கடையின் பெருமை ஆயிற்று.

பனியில் ஐஸ்கிரீமா?

வெர்மாண்டில் குளிர்காலம் என்றால் வீதியெல்லாம் பனி மூடிக் கிடக்கும். வெளியே வரவே ஜனங்கள் அஞ்சுவார்கள். அப்படிப்பட்ட ஊரில் ஐஸ்கிரீமை யார் தேடி வருவார்கள்?

நண்பர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே எத்தனை டிகிரி இறங்குகிறதோ, அத்தனை சென்டு தள்ளுபடி! குளிர் ஏற ஏற ஐஸ்கிரீம் விலை இறங்கியது.

ஊர் மக்கள் கைவிடவில்லை. கடை பிழைத்தது.

1979-ல் கடைக்கு ஓர் ஆண்டு நிறைந்தது. ஆண்டு விழாவை எப்படிக் கொண்டாடுவது? தங்களை வாழ வைத்தவர்களுக்கு, நாள் முழுவதும் இனாமாக ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். நன்றி சொல்ல அவர்களிடம் இருந்த பொருள் அது ஒன்றுதான்.

உருண்டை 10 லட்சம்

அதன் பிறகு அது ஆண்டு வழக்கம் ஆகிவிட்டது. உலகெங்கும் உள்ள கடைகளில் அந்த ஒரே நாளில் 10 லட்சம் உருண்டைகளுக்கு மேல் வழங்கியதாகக் கம்பெனி கணக்குச் சொல்லியிருக்கிறது.

ஒரு முறைக்கு ஒருவருக்கு ஒன்று. இன்னொன்று வேண்டுமானால் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கலாம். தடை இல்லை. காசுக்குப் பதில் காலத்தைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்!

பல கடைகளில் அன்று ஓர் உண்டியலும் இருக்கும். அந்தந்த ஊரின் தர்ம ஸ்தாபனங்களுக்காக வைத்தது. போடுவதும் போடாததும் அவரவர் இஷ்டம்.

கொரோனா நோய் பரவியதால் 2020 முதல் மூன்று ஆண்டுகள் இந்த விழா நடக்கவில்லை. 2023 ஏப்ரல் 3-ந் தேதி மீண்டும் வரிசைகள் நின்றன.

கடை கை மாறியது

இதற்கிடையே, 2000-ம் ஆண்டில் கம்பெனியை யூனிலீவர் விலைக்கு வாங்கிவிட்டது. விலை 32 கோடியே 60 லட்சம் டாலர். 12 ஆயிரம் டாலரில் முளைத்த கடை அது!

விற்ற பிறகும் நண்பர்கள் கம்பெனியோடு தொடர்பு வைத்திருந்தார்கள். 2025 செப்டம்பரில் ஜெர்ரி விலகினார். பொது விஷயங்களில் துணிந்து பேசக் கம்பெனிக்கு இருந்த சுதந்திரம் பறிபோய்விட்டது என்பது அவர் சொன்ன காரணம்.

இப்போது ஒரு கேள்வி எழுகிறது. நன்றி சொன்னவர்களின் கையை விட்டுக் கடை போன பிறகு, அந்த இனாம் நன்றியா, விளம்பரமா?

விளம்பரம் இல்லை என்று சொல்ல முடியாது. 1979-லும் அதில் கொஞ்சம் விளம்பரம் இருந்திருக்கும். ஆனால் அன்று கொடுத்தவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது: பனியில் நடந்து வந்து வாங்கியவர்களின் கடன். பெரிய கம்பெனியின் பேரேட்டில் அந்தக் கணக்கை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

வரிசையில் நிற்கும் குழந்தைக்கு இது எதுவும் தெரியாது. அதற்கு வேண்டியது ஐஸ்கிரீம். ஆனால் கூட வந்த தாய், குழந்தையின் கையில் ஒரு சில்லறையைக் கொடுத்து உண்டியலில் போடச் சொன்னால், பர்லிங்டன் நகரின் அந்தப் பழைய கணக்கில் ஒரு வரி அன்றும் எழுதப்படுகிறது.