ஷெட்லாந்தின் கோடைப் பறவைகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, வட கடலும் அட்லாண்டிக் பெருங்கடலும் கூடுமிடத்தில் உள்ளது ஷெட்லாந்துத் தீவுக்கூட்டம். ஜூன் மாதத்தில் அங்கு இரவு முழுதும் இருட்டுவதில்லை. அந்த மங்கல் ஒளியை ஊரார் ‘சிம்மர் டிம்’ என்பர். கடற்பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலமும் அதுவே.

மூசா தீவில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுடைய, 13 மீட்டர் உயரக் கற்கோபுரம் ஒன்றுண்டு. அதன் கல்லிடுக்குகளில் புயற்குருவிகள் கூடமைக்கின்றன. எடை சுமார் 25 கிராம்தான்! கடற்காக்கைகளுக்கு அஞ்சி இரவில் மட்டுமே கரை சேரும்.

ஃபெட்லார் தீவுக்கு வரும் செங்கழுத்து ஃபலரோப்பின் இயல்பு விந்தையானது. பெண்ணுக்கே வண்ணம் மிகுதி, அடைகாப்பது ஆண். ஸ்காண்டிநேவியாவின் ஃபலரோப்புகள் குளிர்காலத்தில் அரபிக்கடலுக்கு வருவதால், இவையும் அங்கேதான் செல்லும் என்று கருதப்பட்டது. 2012இல் ஒரு பறவையின் உடலில் சிறு கருவியைப் பொருத்தினர். மறு ஆண்டு அதைப் பிடித்துப் பார்த்தபோது, அட்லாண்டிக்கைக் கடந்து தென்னமெரிக்காவின் பசிபிக் கரைக்கப்பால் சென்று திரும்பியது தெரியவந்தது.

ஊரார் ‘பாங்ஸி’ என்றழைக்கும் பெருஸ்குவா, தன் கூட்டை நெருங்குவோரின் தலையைக் குறிவைத்துப் பாயும். உலகப் பெருஸ்குவாக்களில் பாதிக்கு மேல் ஸ்காட்லாந்தில்தான் இனம் பெருக்கின. 2021, 2022ஆம் ஆண்டுகளின் பறவைக் காய்ச்சலில் பிரிட்டனில் இவற்றில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு அழிந்தது. இப்பறவை முட்டையிடத் தொடங்கவே சில ஆண்டுகள் ஆகும். ஒரு பருவத்திற்கு இரண்டு முட்டைகளே இடும்.