பூமிக்கும் மூத்த கல்

வானத்திலிருந்து விழும் கல் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். கறுப்பாக, கனமாக, இரும்புக் கட்டிபோல இருக்கும் என்பார்கள். நாமும் வெகுகாலம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்து வந்தோம். இரும்பு விண்கற்கள் உண்டு. ஆனால் விழுபவற்றில் அவை மிகச் சிலவே. பெரும்பாலானவை வெறும் கல்தான். அக்கற்களுள்ளும் அபூர்வமான ஒன்றைப் பற்றியே இன்று பேசப் போகிறோம்.

2020ஆம் ஆண்டு மே மாதம், அல்ஜீரியாவிலுள்ள எர்க் ஷெஷ் என்னும் மணற்பாலையில் இக்கல்லின் துண்டுகள் கண்டெடுக்கப்பட்டன. எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 32 கிலோ. கிடைத்த இடத்தின் பெயரையே விண்கல்லுக்குச் சூட்டுவது வழக்கமாதலால், ‘எர்க் ஷெஷ் 002’ என்று பதிவாயிற்று. பாலைவனத்தில்தான் விண்கற்கள் அதிகம் விழுகின்றன என்று எண்ணிவிடக் கூடாது. நம் நாட்டிலும் விழலாம். ஆனால் இங்கே பெய்யும் மழைக்கு அது நாளடைவில் துருவேறி உதிரும். அதற்கு முன்பே புல்லும் கொடியும் மூடிவிடும். பாலையில் மழை அரிது. வெளிறிய மணலில் அயல் கல் ஒன்று கிடந்தால் கண்ணில் பட்டுவிடும்.

இக்கல்லின் வெளிறிய பழுப்பு நிறப் பரப்பில் பச்சை நிறப் படிகங்கள் பெரிது பெரிதாகப் பதிந்துள்ளன. அவை பைராக்சின் என்னும் கனிமம். இரும்பும் மக்னீசியமும் சிலிக்காவோடு கூடியது. ஆயினும் கல்லில் மிகுதியாக உள்ளது பைராக்சின் அன்று. ஏறத்தாழப் பாதி, பெல்ட்ஸ்பார் வகையைச் சேர்ந்த வெளிறிய கனிமம். அதில் சோடியம் நிறைய உண்டு; நம் சமையல் உப்பில் இருக்கும் அதே சோடியம். இவற்றோடு கிரிஸ்டோபலைட், டிரிடிமைட் என்னும் இரண்டு சிலிக்காக் கனிமங்களும் சிறிதளவு உள்ளன.

இந்தக் கலவையில் என்ன புதுமை? உருகி உறைந்த விண்கற்களில் பெரும்பாலானவை பசால்ட் எனப்படும் கரிய எரிமலைப் பாறையை ஒத்தவை. அவற்றில் சிலிக்கா நூற்றுக்கு 50 பங்கு அளவில் இருக்கும். இக்கல்லிலோ 58 பங்கு அளவுக்கு இருக்கிறது. இத்தகைய பாறைக்கு ஆண்டிசைட் என்று பெயர். தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலையை வைத்து வந்த பெயர். நமக்கு அண்டையிலேயே பார்க்க வேண்டுமானால் ஜாவாவின் போரோபுதூர் ஆலயத்தைப் பார்க்கலாம். அது ஆண்டிசைட் கல்லால் எழுப்பியதே. பூமியில் இப்பாறை பெரும்பாலும் கடற்படுகை கண்டத்தின் அடியில் அமிழும் இடங்களில், நீரின் துணையோடு உண்டாகிறது. கடலே இல்லாத ஒரு சின்னஞ்சிறு கோளில் எப்படி உண்டாயிற்று?

விடை சோடியத்தில் இருக்கிறது. சோடியம் வெப்பத்தில் எளிதில் ஆவியாகிப் போகக்கூடியது. இக்கல்லின் தாய்க்கோளில் அது போகாமல் தங்கிவிட்டது. அந்நிலையில் கோளின் பாறை முழுதும் உருகாமல் ஒரு பகுதி மட்டும் உருகும்போது, சிலிக்கா மிகுந்த குழம்பே முதலில் பிரிந்து வருகிறது. ஆகவே, முதற்கோள்களின் மேலோடு எங்கும் பசால்ட்டாகவே இருந்திருக்கும் என்று இனி நாம் சொல்லிக்கொண்டிருக்க இயலாது.

உருக்கிய அடுப்பு எது? அலுமினியம் 26 என்னும் கதிரியக்க அணு. அது 7 இலட்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, மக்னீசியம் 26 ஆக மாறுவது. அப்போது வெளிப்படும் வெப்பமே சிறுகோள்களை உருக்கிற்று. அதுவே கடிகாரமும் ஆயிற்று. பெல்ட்ஸ்பாரில் அலுமினியம் மிகுதி. மக்னீசியமோ வெகு சொற்பம். அங்கே மக்னீசியம் 26 அளவுக்கு மிஞ்சி இருந்தால், கல் உறைந்த வேளையில் அந்த அலுமினியம் இன்னும் தீர்ந்துபோகவில்லை என்று பொருள். பிரான்சு நாட்டின் ழான் அலிக்ஸ் பாராவும் அவர் குழுவினரும் இதை அளந்து, கல்லின் வயது 456 கோடியே 50 இலட்சம் ஆண்டு என்று 2021இல் வெளியிட்டனர். சூரிய மண்டலம் தோன்றி ஏறத்தாழ 20 இலட்சம் ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. பூமி அப்போது முழு உருவம் பெற்றிருக்கவில்லை. 2023இல் ஈயத்தின் அணுக்களைக் கொண்டு கணக்கிட்டவர்களுக்கும் ஏறக்குறைய இதே வயதுதான் கிடைத்தது.

அந்தத் தாய்க்கோள் எங்கே? சிறுகோள்களின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை இக்கல்லில் பட்டுத் திரும்பும் ஒளியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒத்தது ஒன்றும் அகப்படவில்லை. இத்தகைய கோள்கள் ஒன்றோடொன்று மோதி நொறுங்கியிருக்கலாம். அல்லது வளர்ந்துவந்த பெரிய கோள்களுக்குள் கலந்துபோயிருக்கலாம். மிஞ்சியது இந்த 32 கிலோ. அதிலும் பல துண்டுகள் வணிகர் கைக்குப் போய், அறுக்கப்பட்டு விலைக்கு விற்கப்பட்டுவிட்டன.