சாய்ந்தபடியே எழுந்த மினாரா

யாழ் நூலகம் மீளக் கட்டப்பட்டபோது, எரிந்த சுவர்களை நினைவுக்காக அப்படியே விடவேண்டும் என்று வாதாடியவர்களில் நானும் ஒருவன். ஈராக்கின் மொசூல் நகரப் பெரிய பள்ளிவாசலைப் பற்றி வாசித்தபோது அந்த வாதம் நினைவுக்கு வந்தது.

அல்-நூரி பள்ளிவாசல் 1172-73 காலத்தில் நூருத்தீன் ஸங்கியின் ஆணைப்படி கட்டப்பட்டது. அதன் மினாரா ஏறக்குறைய 45 மீற்றர் உயரம். சதுர அடிப்பாகத்தின் மேல் உருளையாக எழுந்த தண்டை, செங்கல்லாலேயே கோலமிட்ட ஏழு பட்டைகள் சுற்றியிருந்தன. காலப்போக்கில் அது சாய்ந்தது. மக்கள் அதனைக் ‘கூனி’ என்னும் பொருளில் ‘அல்-ஹத்பா’ என்றனர். நகரத்துக்கும் அதுவே செல்லப்பெயராயிற்று.

2014 ஜூலையில் ஐ.எஸ். தலைவர் அல்-பக்தாதி இங்கேதான் கலீபாவாகத் தோன்றினார். 2017 ஜூன் 21 அன்று, ஈராக்கியப் படைகள் நெருங்கியபோது, அவ்வியக்கமே பள்ளிவாசலை வெடிவைத்துத் தகர்த்தது. மினாராவின் அடிப்பாகமே எஞ்சியது.

யுனெஸ்கோ, ஐக்கிய அரபு அமீரகத்தின் நிதியுதவியுடன் மீள்கட்டுமானத்தைப் பொறுப்பேற்றது. வெடிபொருட்கள் கலந்த இடிபாடுகளிலிருந்து சுமார் 45,000 பழைய செங்கற்கள் மீட்கப்பட்டன. தொழுகை மண்டபத்தின் கீழே 12ஆம் நூற்றாண்டு அறைகளும் வெளிப்பட்டன. புதிய மினாராவை நேராகவே கட்டியிருக்கலாம். மொசூல் மக்களோ பழைய சாய்வையே கேட்டனர். 2025 செப்டெம்பரில் பள்ளிவாசல் மீளத் திறக்கப்பட்டபோது, மினாரா சாய்ந்தே நின்றது.

இடிபாட்டை விட்டுவைத்தால்தான் ஞாபகம் நிலைக்கும் என்று நினைத்திருந்தேன். ஊர்மக்களைக் கேட்டு, பழைய கல்லையும் சேர்த்துக் கட்டினால் கட்டடமே ஞாபகத்தைச் சுமக்கும் என்று இப்போது படுகிறது.