ஓராசிரியர் பள்ளியில் ஒரு மணி நேரம்

ஆசிரியர் ஒருவர்; வகுப்புகள் ஐந்து. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் எழுத்துக் கற்பிக்கும்போது, மூன்றாம் வகுப்பு கரும்பலகையைப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகுப்பு காத்திருக்கும். வருகைப் பதிவேடும், மதிய உணவுக் கணக்கும், மேலிடத்துக் கடிதங்களும் அவர் பொறுப்பே. மத்திய அரசின் 2024-25ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, நாட்டில் இத்தகைய ஓராசிரியர் பள்ளிகள் ஒரு லட்சத்திற்கும் அதிகம். அவற்றில் பயிலும் பிள்ளைகள் 33 லட்சத்திற்கும் மேற்பட்டோர்.

இப்பள்ளிகளுக்கு உதவ விரும்புவோர் பெரும்பாலும் பொருளோடுதான் வருகிறார்கள். மின்விசிறி, இரும்பு அலமாரி, புத்தகப் பை. (மின்விசிறியின் இறக்கையிலேயே கொடையாளர் பெயரை எழுதிவிடுவதும் உண்டு, சுழலும்போது படிக்க இயலாது என்பது ஓர் ஆறுதல்.) பொருள் வேண்டாம் என்பதன்று. ஆனால், காத்திருக்கும் அந்த ஐந்தாம் வகுப்புக்கு வேண்டியது, அருகில் அமர்ந்து வாசிப்பதைக் கேட்க ஒருவர்.

பள்ளிக்கு எது தேவை என்பதைப் பள்ளியிடமே கேட்டறிய வழி உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, அரசுப் பள்ளிதோறும் மேலாண்மைக் குழு இருத்தல் வேண்டும். அதன் உறுப்பினர்களில் முக்கால் பங்கினராவது பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பது இக்குழுவின் கடமை. உள்ளூரில் இருப்போர் முதலில் கேட்டுப் பார்க்க வேண்டியது அத்திட்டத்தையே.

பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதோருக்கு, 2021 செப்டம்பரில் புதுப்பொலிவு பெற்ற மத்தியக் கல்வி அமைச்சகத்தின் 'வித்யாஞ்சலி' இணையதளம் உள்ளது. அரசுப் பள்ளிகளும் அரசு உதவி பெறும் பள்ளிகளும் தம் தேவைகளை அதில் பதிவு செய்கின்றன. தன்னார்வலர் தம்மால் இயன்றதைத் தேர்ந்து விருப்பம் தெரிவிக்கலாம். இதில் பணமாக எதுவும் பெறப்படுவதில்லை. தன்னார்வலருக்கு ஊதியமும் இல்லை. நிரந்தர ஆசிரியருக்கு மாற்றாகத் தன்னார்வலரை அமர்த்துவதும் நோக்கமன்று. காலிப் பணியிடத்தை நிரப்புவது அரசின் கடமை. அதனை நம் நல்லெண்ணம் மறைத்துவிடலாகாது.

வங்கி, அலுவலகம் எனப் பணியாற்றி ஓய்வு பெற்றோர் இங்கே பெரிதும் பயன்படுவர். கூட்டல், கழித்தலில் தடுமாறும் நான்கு பிள்ளைகளுடன் வாரத்தில் ஒரு மணி நேரம் அமரலாம். குழுவின் வரவு செலவுப் பதிவேட்டை ஒழுங்காக எழுதக் கற்றுத்தரலாம். ஆனால் புதன்கிழமை வருவதாகக் கூறினால் புதன்கிழமை வந்தாக வேண்டும். பிள்ளைகள் வாயிலில் நிற்பார்கள். எனவே மூன்று மாதங்களுக்கு இயல்வதை மட்டும் ஏற்றுக்கொள்வது நன்று. வர இயலாத நாள்களைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.