பிளாட்டினம்: நகையா, மருந்தா?

ஒக்கலிபுரத்தில் எங்கள் மாலை வகுப்புக்கு ஓர் அக்கா வருவார். வீட்டு வேலை செய்பவர். ஒருநாள் மருத்துவமனைச் சீட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். அவருடைய அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சீட்டில் மருந்தின் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. அதை நான் தமிழில் பலகையில் எழுதினேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"சிஸ்... பிளாட்... டின். சிஸ்பிளாட்டின்."

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "பிளாட்டினம்னா நகைக்கடையில விக்கிறதுதானே தம்பி? அதை எப்படி ஊசியில ஏத்துவாங்க?"

நல்ல கேள்வி. அன்று வகுப்பில் எல்லோரும் இதைப் பற்றித்தான் பேசினோம். நீங்களும் தெரிந்துகொள்ளுங்கள்.

பிளாட்டினம் எப்படிப்பட்டது?

பிளாட்டினம் ஓர் உலோகம். பார்க்க வெள்ளி போல இருக்கும். ஆனால் வெள்ளி போலக் கறுக்காது. இரும்பு போலத் துருப்பிடிக்காது.

எடையும் அதிகம். ஒரு லிட்டர் தண்ணீர் 1 கிலோ இருக்கும். அதே அளவு இரும்பு ஏறக்குறைய 8 கிலோ. தங்கம் 19 கிலோ. பிளாட்டினமோ 21 கிலோவுக்கும் மேல்!

தங்கம் 1,064 டிகிரி சூட்டில் உருகும். பிளாட்டினம் உருக 1,768 டிகிரி வேண்டும்.

தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற நாடு இருக்கிறது. அங்கே ஆற்று மணலில் ஸ்பெயின்காரர்கள் தங்கம் அரித்தார்கள். தங்கத்தோடு இந்த வெள்ளை மணிகளும் வந்தன. உருக்க முடியவில்லை. 'பிளாட்டினா' என்று பெயர் வைத்தார்கள். 'சின்ன வெள்ளி' என்று பொருள். வேண்டாத பொருள் என்று ஒதுக்கினார்கள். இன்று அது விலை உயர்ந்த உலோகம்.

இப்போது உலகத்துக்கு வேண்டிய பிளாட்டினத்தில் பெரும் பகுதி தென் ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பாறைகளிலும் பிளாட்டினம் வகை உலோகங்கள் சிறிதளவு இருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் நம் நாட்டுத் தேவைக்கு வெளிநாட்டிலிருந்துதான் வாங்குகிறோம்.

புகையைச் சுத்தம் செய்யும் உலோகம்

ஒக்கலிபுரம் சந்திப்பில் சிவப்பு விளக்கு விழும்போது எவ்வளவு வண்டிகள் நிற்கின்றன! அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

வண்டியின் புகைக்குழாயில் ஒரு பெட்டி வைக்கிறார்கள். உள்ளே தேன்கூடு போலச் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றின் மேல் பிளாட்டினமும் அதைப் போன்ற உலோகங்களும் மெல்லிசாகப் பூசப்பட்டிருக்கும். சூடான புகை அதன் வழியே போகும்போது, விஷவாயு ஆக்சிஜனோடு சேர்ந்து விஷம் குறைந்த வாயுவாக மாறுகிறது.

கல்யாணத் தரகர் இரண்டு வீட்டாரைச் சேர்த்து வைப்பார். அவர் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். பிளாட்டினமும் அப்படித்தான். மாற்றத்தை நடத்தி வைக்கும், தான் செலவாகாது. இதை வினையூக்கி என்பார்கள்.

இந்தியாவில் 1995-ல் நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இந்தப் பெட்டி கட்டாயமானது. பழைய விலைக்கு விற்க இதைக் கழற்றிவிடாதீர்கள். கழற்றினால் விஷப்புகை நம் தெருவிலேயே நிற்கும்.

உரத்துக்கு வேண்டிய நைட்ரிக் அமிலம் தயாரிக்கவும் பிளாட்டினம் கலந்த கம்பி வலையைப் பயன்படுத்துகிறார்கள்.

மருந்தானது எப்படி?

1965-ல் அமெரிக்காவில் பர்னெட் ரோசன்பெர்க் என்ற விஞ்ஞானி ஒரு சோதனை செய்தார். கிருமிகள் வளரும் நீரில் மின்சாரம் செலுத்தினார். கம்பிகள் பிளாட்டினத்தால் ஆனவை. கிருமிகள் பெருகுவது நின்றுபோனது! நிறுத்தியது மின்சாரம் அல்ல. கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினம் நீரில் இருந்த உப்போடு சேர்ந்து உண்டான புதிய பொருள்.

புற்றுநோய் அணுக்களும் கட்டுக்கடங்காமல் பெருகுபவை. அவற்றையும் இந்த வகைப் பொருள் தடுத்தது. அதில் பிறந்த மருந்துதான் சிஸ்பிளாட்டின். 1978-ல் அமெரிக்க அரசு அனுமதி தந்தது. இன்று இந்தியாவிலேயே தயாராகிறது. கர்ப்பப்பை வாய், நுரையீரல், வாய், தொண்டைப் புற்றுநோய்களுக்குக் கொடுக்கிறார்கள்.

ஆகவே, ஊசியில் ஏறுவது நகைக்கடைப் பிளாட்டினம் அல்ல. உப்பில் சோடியம் என்ற உலோகம் இருக்கிறது. ஆனால் உப்பு உலோகம் போலவா இருக்கிறது? அதைப் போலத்தான் இதுவும்.

இந்த மருந்தால் வாந்தி வரும். சிறுநீரகம் பாதிக்கப்படலாம். காது கேட்பது குறையலாம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். சலைன் ஏற்றுவார்கள். சிறுநீர் குறைந்தாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

'பிளாட்டினம் தண்ணீர்' குணமாக்குமா?

அக்காவின் வீட்டுக்கு ஒருவர் வந்தாராம். ஒரு பாட்டிலைக் காட்டி, "இது பிளாட்டினம் தண்ணீர். ஊசியும் இதுதான், இதுவும் அதுதான். வாந்தி வராது" என்றாராம். அம்மாவும் ஊசியை நிறுத்திவிடலாம் என்றார்.

பெயர் ஒன்றாக இருக்கலாம். பொருள் ஒன்றல்ல. பிளாட்டினம் தண்ணீரோ, பிளாட்டினம் வளையலோ புற்றுநோயைக் குணமாக்கும் என்று நிரூபிக்கப்படவில்லை. ஓமியோபதியில் 'பிளாட்டினா' என்ற மருந்து உண்டு. அதுவும் புற்றுநோய் சிகிச்சைக்கு மாற்று அல்ல. பாதியில் நிறுத்தினால் நோய் மறுபடி வளரும். வேறு எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

பெங்களூரு ஓசூர் சாலையில் 1973-ல் தொடங்கிய கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் இருக்கிறது. அது அரசு நிறுவனம். ஏழைக் குடும்பங்களுக்கு அரசின் உதவித் திட்டம் உண்டு. ரேஷன் கார்டையும் ஆதாரையும் எடுத்துச் சென்று கேளுங்கள்.

அக்கா பாட்டிலை வாங்கவில்லை. அடுத்த வாரம் அம்மாவை ஊசிக்கு அழைத்துப் போனார். போகும் முன் நோட்டில் தன் கையாலேயே மூன்று கேள்விகள் எழுதிக்கொண்டார்:

1. இன்னும் எத்தனை ஊசி?
2. வாந்திக்கு என்ன மாத்திரை?
3. எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?

நீங்களும் மருத்துவமனைக்குப் போகும்போது கேள்விகளை எழுதி எடுத்துச் செல்லுங்கள். எழுதத் தெரிந்த பிறகு, கேட்கத் தயக்கம் எதற்கு?